பெல்ட்டில் நான் போட்ட மூன்று ஓட்டைகள்

கண்ணு,

நீ ஓசூருக்கு பஸ் ஏறிப் போய் ரெண்டு நாள் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "மா, அப்பாவோட பன்ச் எங்க வெச்சிருக்க? பெல்ட்டுல ஒரு ஓட்டை போடணும், பேண்ட் நிக்க மாட்டுது" என்று கேட்டாய். நான் "தெர்ல பா, எங்கியாவது கெடக்கும்" என்றேன். அது பொய். பன்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பழைய துணியில் சுற்றி, அரிசி டிரம்மில் அரிசிக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினாய். கடைசியில் "சரி வுடு, ரூமுக்குப் போயி ஆணிய சூடு பண்ணி போட்டுக்கறேன்" என்று சிரித்தாய். நீ தேடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் அடுப்புக்கு முன்னால் நின்று, வெந்த பருப்பையே திரும்பத் திரும்பக் கடைந்துகொண்டிருந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் சொல்ல எனக்கு வராது. ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடும். நீயும் "எல்லாத்துக்கும் பயப்படாதம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் பக்கத்து வீட்டு ஷமீமக்காவின் பேத்தியிடம் நோட்டில் இருந்து நாலு தாள் கிழித்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தாலும் பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் இலை எடுத்துக்கொண்டிருந்தபோது, நீ உன் மாமாவிடம் சொன்னாய்: "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்கியாவது காட்டியிருப்பேன் மாமா. கல்லு மாதிரி இருந்துட்டாரு." மாமாவும் தலையாட்டினார். நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கை கழுவ வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். அன்றையில் இருந்து ஒன்றரை வருஷமாக நீ அவர் மேல் கோபமாகவே இருக்கிறாய். அவர் போட்டோவுக்கு முன்னால் நீ நிற்கும்போது அது எனக்குத் தெரிகிறது. கண்ணு, உன் அப்பா சொன்னார். என்னிடம் சொன்னார். ஒரு தடவை இல்லை, எனக்கு ஞாபகம் இருப்பதே நாலு தடவை. உன் கோபம் போக வேண்டிய இடம் வேறு.

முதல் தடவை சொன்னது ஆடி மாசம். கம்பெனியில் இருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். "ஒரு மாதிரியா இருக்குது" என்றார்.

"இன்னா மாதிரி?"

"தெர்ல. ஜுரம் இல்ல, வலி இல்ல. இந்த உடம்பு என்னுது இல்லாத மாதிரி இருக்குது."

"சொல்யூஷன் வாடையா இருக்கும். வெல்லம் தர்றேன், துண்ணுட்டு படுங்க" என்றேன்.

உனக்குத் தெரியும், அவர் இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் பேஸ்டிங்கில் இருந்தவர். காலையில் இருந்து சாயங்காலம் வரை தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. அந்த இடத்தில் யாருக்கு என்ன வந்தாலும் அதற்குப் பெயர் வாடைதான். தலை வலித்தால் வாடை, குமட்டினால் வாடை, பசி இல்லை என்றால் வாடை, சோர்ந்து போனால் வாடை. சூப்பர்வைசர் "பத்து நிமிஷம் வெளிய நின்னுட்டு வா" என்பார். வீட்டில் நாங்கள் வெல்லம் கொடுப்போம். அது முழுப் பொய்யும் இல்லை. நிஜமாகவே அந்த வாடை ஆளைப் படுத்தும். பாதி நிஜமாக இருந்ததால்தான் அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி கிடையாது. சொல்யூஷன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். வாடை இல்லாத நாளில் வாடை எப்படி அடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மாசக் கடைசியில்தான் பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவரே செய்த பெல்ட் அது. தடியான எருமைத் தோல், பத்து வருஷம் கட்டினார். "தா, இதுல ஒரு ஓட்டை போட்டுக் குடு. நீ போட்டாத்தான் நேரா வரும்" என்றார். நான் தெருப் பெண்களோடு உட்கார்ந்து அப்பர் தைத்துக்கொண்டிருந்தேன். அப்பர் என்றால் ஷூவின் மேல் பாகம், உனக்கே தெரியும், அந்த மூட்டைகளுக்கு நடுவில்தானே வளர்ந்தாய். கட்டையும் சுத்தியும் கையில்தான் இருந்தன.

"இன்னாங்க, கல்யாண மாப்ள மாதிரி எளச்சிட்டீங்க. கம்பெனில எவளாவது கெடச்சிட்டாளா?" என்றேன்.

"கெடச்சாளா? லைன் கட்டி நிக்கறாளுங்க. நாளைக்கு வந்து எண்ணிப் பாரு" என்றார்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் பெல்ட்டைக் கட்டையில் வைத்து, பன்ச்சை நிறுத்தி, ஒரே அடி. வட்டமாக ஒரு துண்டு தோல் கீழே விழுந்தது. "புச்சு மாதிரி இருக்குது பாரு" என்று கட்டிக்கொண்டு போனார்.

இதைத்தான் நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். வேறு வீடாக இருந்தால் ஒரு ஆள் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவான். கடைக்காரர் ஆளை ஏற இறங்கப் பார்த்து, "இன்னா அண்ணா, இப்டி எளச்சிட்டீங்க?" என்று கேட்பார். இல்லாவிட்டால் புதுப் பேண்ட் எடுக்கப் போவார்கள், போன வருஷ அளவு என்ன, இந்த வருஷம் என்ன என்று ஒரு பேச்சு வரும். நம் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் இல்லாமல் போய்விட்டது. தோல் வேலைக்காரர்கள் வீடு. கருவி கையில் இருந்தது, கை பழகி இருந்தது. ஆள் தேய்கிறான் என்பதை ஒரே அடியில் சரி செய்துவிட்டேன்.

இரண்டாவது ஓட்டை ஆயுத பூஜை கழிந்து, ஐப்பசியில். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை ரெண்டு வாய் தின்றுவிட்டு, தட்டை என் பக்கம் தள்ள ஆரம்பித்திருந்தார். "நீ துண்ணு, எனக்கு வயிறு ரொம்பிடுச்சு." எனக்காக விட்டுக் கொடுக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன் கண்ணு. அவர் கறியையும் சேர்த்துத் தின்றேன். காலையில் அவர் தலையணை உறை ஈரமாக இருக்கும். ஃபேன் சரியில்லை என்று சொல்லித் துவைத்துக் காயப் போடுவேன். அதற்குள் இன்னும் மூணு தடவை "ஒரு மாதிரி இருக்குது" என்றார். "வயசாகுது இல்ல" என்றேன். அவருக்கு ஐம்பத்து மூணு.

கார்த்திகையில், சாமி கண் திறக்கிற மாசம் என்று, சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போனோம். வருஷா வருஷம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறவர், அந்த வருஷம் நூறு படிகூட ஏறவில்லை. மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ட்டு வா. நான் இங்கியே கும்பிட்டுக்கறேன். சாமி கண்ணுக்கு இது தெரியாதா இன்னா" என்றார். நான் மட்டும் ஏறினேன். மேலே நின்று வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? உனக்கு நல்ல வேலை நிரந்தரமாக வேண்டும் என்று. அவருக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. இறங்கி வந்தபோது தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த மறுநாள் மூன்றாவது ஓட்டை போட்டேன். அன்றைக்கு நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனாலும் போட்டேன்.

தை மாசம் கம்பெனியில் மயங்கி விழுந்தார். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அதற்குப் பிறகுதான் நீ வந்தாய், அதனால் முதல் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு சின்ன வயசு டாக்டர் கேட்டார், "எவ்ளோ நாளா இப்டி இருக்காரும்மா?" நான் "பத்து நாளா சார்" என்றேன். மறைக்கவில்லை, அப்படித்தான் நம்பினேன். "எடை கொறஞ்சிருக்கா?" என்றார். "இல்ல சார், அவரு எப்பவுமே ஒல்லிதான்." அப்புறம் வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து வெளியே அனுப்பினார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெல்ட்டைப் பார்த்தேன். மூணு ஓட்டை. மூணும் நேராக, ஒரே அளவு தள்ளி, சுத்தமாக. என் கை வேலை. ஆடி, ஐப்பசி, கார்த்திகை. நான் பத்து நாள் என்று சொன்னேன், பெல்ட் ஆறு மாசம் என்று சொன்னது. எழுந்து உள்ளே ஓடி, டாக்டர் மேஜை மேல் பெல்ட்டை வைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொரு ஓட்டையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வயிற்றில் கட்டி, பரவிவிட்டது என்று ரெண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். "முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாரா சார்?" என்று கேட்டேன். "அத உறுதியா சொல்ல முடியாதும்மா. வைத்தியம் பண்ண வழி ஜாஸ்தி இருந்திருக்கும்" என்றார். மாசியில் போய்விட்டார். இதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயம். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் என் கதையையும் கேள். இதில் சாவு இல்லை, பயப்படாதே. அப்பா போய் நாலைந்து மாசம் இருக்கும். எனக்கும் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எங்கே என்று காட்ட முடியாது, என்ன என்று சொல்ல முடியாது. புருஷன் போனவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு நாள் தெருவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போது ஷமீமக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா, ஊசில நூல் கோக்க நாலு தபா குத்துற? போன மாசம் நீ தெச்சதுல பாதி கூட இப்ப தெக்கல. இன்னா ஒடம்புக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு மாதிரி இருக்குது."

அக்கா கையில் இருந்த அப்பரைக் கீழே வைத்தது. "உன் வூட்டுக்காரரும் இதத்தான சொன்னாரு. ஏந்திரு."

"தெச்சி முடிச்சிட்டு நாளைக்கு..."

"ஷூ எங்கியும் நடந்து போய்டாது. ஏந்திருடி."

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர். "என்னம்மா பண்ணுது?" என்றார். "ஒரு மாதிரி இருக்குது" என்றேன். "எந்த மாதிரி?" என்றார். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா "நா சொல்றேன் டாக்டர்" என்று ஆரம்பித்ததும், "நீங்க இருங்க, அவங்க சொல்லட்டும்" என்று நிறுத்திவிட்டு, என்னிடம் ஒன்று கேட்டார். "எப்டி இருக்குன்னு சொல்ல வேணாம்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி செஞ்சு, இப்ப செய்ய முடியாதது எது? அத மட்டும் சொல்லுங்க."

அது எனக்குச் சொல்ல வந்தது. குழாயில் இருந்து ரெண்டு குடம் ஒன்றாகத் தூக்குவேன், இப்போது ஒரு குடத்துக்கே நடுவில் இறக்கி வைக்கிறேன். மாடிக்குத் துணி காயப் போடப் போனால் ஆறாவது படியில் மூச்சு வாங்குகிறது. பூ வைப்பதை விட்டது வேறு, இப்போது தலை சீவுவதே ரெண்டு நாளுக்கு ஒரு தடவை. அவர் எழுதிக்கொண்டே, "காலைல எழுந்திரிக்கும்போது என்ன தோணுது?" என்றார். அதுவரை அதை யாரும் கேட்டதில்லை. "எழுந்திரிக்கவே வேணாம்னு தோணுது" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். இல்லை, ஆனால் இருக்கவும் பிடிக்கவில்லை என்றேன். அங்கேயே உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். ரத்தம் சோதித்ததில் ரத்தம் ரொம்பக் கம்மி. மாத்திரை கொடுத்தார். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போக வேண்டும் என்றார். திரும்பி வரும்போது அக்கா சொன்னது: "பாரு, ரத்தம் கம்மி, அழுக ஜாஸ்தி. ரெண்டுக்கும் மருந்து இருக்குது. நீயா ஒரு பேரு வெச்சிக்கினு குந்தினு இருந்த. வா, டீ குடிக்கலாம்." இப்போது ரெண்டு குடம் தூக்குகிறேன். அழுகை இருக்கிறது, அது இருக்கட்டும்.

இப்போது உன்னிடம் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ குளிக்கப் போனபோது, ஆணியில் மாட்டியிருந்த உன் பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே. தோலைப் பார்த்துக் கதை சொல்லத் தெரிந்தவள் உன் அம்மா. மூணாவது ஓட்டைக்குப் பக்கத்தில் பக்கிள் அழுத்திய கோடு ஆழமாக, கறுத்துக் கிடக்கிறது. ரெண்டு வருஷம் அங்கேதான் கட்டியிருக்கிறாய். நாலாவதில் கோடு லேசாக இருக்கிறது. கடைசி ஓட்டையில் கோடே விழவில்லை, ஆனால் ஓட்டை இழுபட்டு நீண்டுவிட்டது. அதுவும் பற்றாமல் இன்னொன்று கேட்கிறாய். நீ என்னிடம் சொன்னது "ஒரு மாதிரியா இருக்குதும்மா, ஷிஃப்டு மாறி மாறி வருது, டென்ஷன்" என்பது. பிரியாணியில் பாதியை வைத்துவிட்டு "மெஸ் சோறு துண்ணு வயிறு சுருங்கிடுச்சு" என்றாய். லீவு நாளில், அம்மா வீட்டில், ஷிஃப்டே இல்லாமல், பதினோரு மணி வரை படுத்திருந்து எழுந்தும் உன் முகம் தெளியவில்லை. கண்ணு, எங்களுக்கு வாடை என்றால் உங்களுக்கு டென்ஷன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ அப்பா மாதிரி ஆகிவிடுவாய் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு நாளும் நினைக்காதே. உடம்பு ஒரு மாதிரி இருப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்குமாம், பெரும்பாலும் சின்னதுதான் என்று அந்த லேடி டாக்டரே சொன்னார். சளி பிடித்தால், தூக்கம் கெட்டால், வெயிலில் அலைந்தால் எல்லாருக்கும் ரெண்டு மூணு நாள் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் குடித்துவிட்டுப் படு, போய்விடும். அதற்கெல்லாம் ஓட வேண்டாம். ஆனால் ரெண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால், ஓய்வு எடுத்தும் தெளியவில்லை என்றால், நீ குறைக்காமலே உடம்பு குறைந்தால், தலையணை நனைகிற மாதிரி வேர்த்தால், ஜுரம் விட்டு விட்டு வந்தால், பிடித்த சோறு பிடிக்காமல் போனால், அது காட்ட வேண்டியது. நெஞ்சு வலித்தால், மூச்சு முட்டினால், மயக்கம் வந்தால், ரத்தம் போனால், பேச்சு குழறினால் அந்த நிமிஷமே போக வேண்டும். அப்போது எனக்குப் போன்கூடப் பண்ணாதே, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அங்கே இருந்து பண்ணு. மனசுதான் காரணம் என்று உனக்குத் தோன்றினாலும் அதையும் டாக்டரிடமே சொல். அதுவும் உடம்பில்தான் இருக்கிறது. எழுந்திரிக்கவே வேண்டாம் என்று தோன்றினால் ஒளிக்காதே. உன் அம்மாவுக்கும் தோன்றியது, சொன்னேன், பிழைத்தேன்.

போனைப் பார்த்து நீயே முடிவு பண்ணிக்கொள்ளாதே. மெடிக்கலில் சத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு மாசம் தள்ளாதே. இந்த சனிக்கிழமை போ. டாக்டர் என்ன பண்ணுது என்று கேட்டால், ஒரு மாதிரி இருக்குது என்று சொல்லாதே. முன்னால் செய்து இப்போது முடியாதது எது என்று சொல். சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவாயே, அதை எப்போது நிறுத்தினாய் என்று சொல். அப்பாவின் கட்டியைப் பற்றியும் மறக்காமல் சொல். எவ்வளவு நாளாக என்று கேட்டால் யோசிக்காதே, பெல்ட்டைக் கழற்றிக் காட்டு. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் ஒரு வார்த்தை சொல், முதல் பஸ்ஸில் வருகிறேன். ஷமீமக்காவும் வருமாம். அது வந்தால் டாக்டரையே பேச விடாது, யோசித்துக்கொள்.

அப்புறம், ஒரு நாள் லீவு கிடைக்கும்போது வந்து அப்பா போட்டோவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில். அவர் கல்லு இல்லை. சொன்னார். கேட்ட காதுதான் சரியில்லை. என் மேல் கோபம் வந்தால் கோபித்துக்கொள், நான் எங்கேயும் போகப் போவதில்லை.

பன்ச் அரிசி டிரம்மிலேயே இருக்கட்டும். நீ டாக்டரைப் பார்த்து, அவர் சோதித்து, இது இன்னது என்று ஒரு பெயர் சொன்ன பிறகு வா, எத்தனை ஓட்டை வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன். அதுவரை ஆணியைச் சூடு பண்ணாதே. பேண்ட் நிற்கவில்லை என்றால் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அதில் ஒருத்தராவது, "இன்னாடா இது, ஏன் கயிறு?" என்று கேட்பார்கள். உன் அப்பாவை அப்படி யாரும் கேட்க முடியாமல் நான் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா